ராஜாவின் சவரமும் உப்பளத்து நியாயமும்

நெய்தலூர் ராஜாவுக்குத் தலைக்கனம் அதிகம். ஒருநாள் சபையில், "பக்கத்து நாட்டைவிட நம் மண்ணில்தான் நெல் நன்றாக விளைகிறது. உப்பைக் கொடுத்து அவர்களிடம் நெல் வாங்குவது கேவலம். உப்பளத்தை விட்டு எல்லாரும் வயலில் இறங்குங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

உப்பு வாரும் இசக்கி அரண்மனைக்கு ஓடினாள். "மகாராஜா, எங்கள் பிழைப்பே போய்விடும்!"

"நம்மைவிட மட்டமானவனிடம் வாங்குவதற்கு ஒரு நியாயம் சொல். இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ."

இசக்கி கும்பிட்டாள். "அரண்மனை நாவிதரைவிட மகாராஜா நன்றாகச் சவரம் செய்வீர்களாமே?"

ராஜா மீசையை முறுக்கினார். "பின்னே? அவன் என் கிட்டே நிற்க முடியுமா?"

"இன்று காலையில் சவரம் செய்தது யார், மகாராஜா?"

"அவன்தான். அசடே, நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ராஜ்யத்தை யார் ஆள்வது?"

"நெல்லில் நாம் அவர்களைவிடக் கொஞ்சம் கெட்டி, மகாராஜா. உப்பில் ரொம்பக் கெட்டி. நாங்கள் நாற்று நடப் போனால், அதைவிட அதிக நெல்லை வாங்கித் தரும் உப்பை யார் எடுப்பது?"

மந்திரி இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா முகம் சிவந்து, உத்தரவை ரத்து செய்தார்.

"இந்த நியாயத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"இப்போதுதான், மகாராஜா, நீங்களே சொன்னீர்கள்!"