கறுப்புத் திரை கேட்டவள்

“டீச்சர், இன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. கையால கட்டுன லினக்ஸ் பெரிசா, கட்டிக் கொடுத்த லினக்ஸ் பெரிசா?”

கேட்டவர் பொன்னுதுரை. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை. கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸை, கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அடித்துத் தானே கட்டி முடிக்க அவருக்கு ஆறு மாதம் ஆனது. அதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு பொத்தானை அமுக்கி, படம் படமாய் வருகிற லினக்ஸைப் போட்டுக்கொள்பவர்களைக் கண்டாலே இளக்காரம்.

நசீமா டீச்சர் அவரைவிட இளையவர். சனிக்கிழமை தோறும் மாடி அறையில் ஊருக்கே லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர்.

டீச்சர் ஒரு லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இது ஜெபக்கனியோடது. சிஸ்டம் மொத்தமா போயிட்டு. மத்தியானம் ஒரு கம்பெனியில இதுலதான் அவ புரோகிராம் எழுதிக் காட்டணும். காட்டுனா வேலை. எது பெரிசோ அதைப் போடுங்க அண்ணாச்சி.”

ஜெபக்கனி எதிர் நாற்காலியில்தான் இருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, அதைக் கேட்டே வேலை செய்கிறவள். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இந்தக் கம்பெனி ஒன்றுதான் கூப்பிட்டிருக்கிறது.

“அண்ணாச்சி, எனக்கு...”

“நீ சும்மா இரும்மா. நான் பாத்துக்கிடுதேன்.”

பாவம், கண் தெரியாத பிள்ளை என்று பொத்தானை அமுக்குகிற லேசான லினக்ஸையே போட்டார். தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது!

கணினி பேசியது. “பொத்தான். படம். பொத்தான். பட்டியல். பொத்தான்.”

“அய்யோ, நான் எழுதுற இடம் எங்க இருக்கு?”

“நான் அப்பவே நினைச்சேன்” என்று அழித்தார். கையால் கட்டுவதைப் போட்டார்.

திரையில் எழுத்து ஓடியது. சத்தம் இல்லை. அதில் குரலையும் நாமே தேடி ஏற்ற வேண்டும்.

“செத்துப்போச்சா அண்ணாச்சி?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பொன்னுதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. “டீச்சர், ரெண்டும் காலை வாரிட்டுதே!”

டீச்சர் டீயைக் கீழே வைத்தார். “அவகிட்ட கேட்டீங்களா?”

பொன்னுதுரை அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“எம்மா... உனக்கு என்ன வேணும்?”

“தொறந்த உடனே குரல் வரணும். அப்புறம் உங்க கறுப்புத் திரை. நான் ஒரு வரி அடிச்சா அது ஒரு வரி சொல்லணும். படத்தை வச்சு நான் என்ன செய்ய?”

பொன்னுதுரை சட்டைக் கையை மடித்துவிட்டார்.

குரலுக்காக லேசானதை மறுபடி போட்டார். படங்களைப் பிடுங்கி எறிந்தார். திறந்ததும் கறுப்புத் திரை வரவேண்டும், அங்கேயும் குரல் பேசவேண்டும். ஆறு மாதம் முட்டி மோதிப் படித்ததெல்லாம் விரலுக்கு வந்தது. இப்போது ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

ஜெபக்கனி ஒரு வரி அடித்தாள். கணினி ஒரு வரி சொன்னது. அதன்பிறகு அவள் அடித்த வேகத்தை அவரால் கண்ணால் தொடர முடியவில்லை.

“சரியான ஆளுதான் நீ!” என்று கத்தியேவிட்டார். அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

பொழுது சாயும்போது கீழே படியிலேயே சத்தம் கேட்டது.

“கிடைச்சிட்டு! டீச்சர், கிடைச்சிட்டு!”

டீச்சரைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“எல்லாருக்கும் முன்னாடி முடிச்சேன் அண்ணாச்சி. பக்கத்துல இருந்த பையன் அசந்துபோயி, இது எந்த லினக்ஸுன்னு கேட்டான்.”

பொன்னுதுரை எழுந்தே நின்றுவிட்டார். “என்ன சொன்ன?”

“என்னோடதுன்னேன்.”