விலை வைத்த கூச்சல்

காட்டுக் குளக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிட்டு வாழ்ந்தது. புதருக்குள் சிறுத்தையின் வால் அசைந்தால் போதும், வானில் ஏறிக் கத்தும். தண்ணீர் குடிக்கும் மான், பன்றி, மயில் எல்லாம் ஓடித் தப்பிவிடும். குருவியின் முட்டையை நோக்கி உடும்பு ஊர்ந்து வந்தால், பக்கத்தில் மேயும் புள்ளிமான் காலால் தரையைத் தட்டும். குருவி பறந்து வந்து உடும்பைக் கொத்தி விரட்டும். இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. கேட்டதும் இல்லை.

இதனால் சிறுத்தை பட்டினி கிடந்தது. அது தின்று போடும் மிச்சத்தில் பிழைக்கும் நரிக்கு இன்னும் பெரிய பட்டினி.

கோடையில் பூச்சிகள் குறைந்தன. குருவி இளைத்துப் போனது. அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"தங்கச்சி, நாளெல்லாம் காவல் காக்கிறாயே, உனக்கு யார் என்ன கொடுத்தார்கள்?"

"யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை அண்ணா."

"பார்த்தாயா! உனக்குத் தொண்டை வறள்கிறது, பன்றிக்குத் தொப்பை வளர்கிறது! சும்மா கிடைப்பதை யார் மதிப்பார்கள்? விலை வை!"

"கத்தினால் எல்லோர் காதிலும்தானே விழும்? கொடுத்தவர், கொடுக்காதவர் என்று எப்படிப் பிரிப்பது?"

"கத்தாதே! கொடுத்தவர் காதில் போய் மெல்லச் சொல்!"

குருவிக்குப் பசி. பசிக்கு அந்தப் பேச்சு நியாயமாகவே பட்டது.

மறுநாள் நரி கரையில் நின்று அறிவித்தது: "இனி இலவசக் கூச்சல் கிடையாது! தினமும் ஒரு பிடி புழுவோ கரையானோ தருகிறவருக்கே எச்சரிக்கை!"

பன்றி மூக்கால் மண்ணைக் கிளறியது. புழுக்கள் கொட்டின. மயில் காலால் கீறிக் கரையான் எடுத்துக் கொடுத்தது. புள்ளிமான் விழித்தது.

"நான் புல் தின்கிறவள். புழுவுக்கு எங்கே போவேன்?"

"முயற்சி வேண்டும் அம்மா! பன்றியைப் பார்த்துக் கற்றுக்கொள்!" என்றது நரி.

"அதற்கு மூக்கு இருக்கிறது. எனக்கு வெறும் குளம்புதானே!"

"அது உன் பாடு! உழைக்காதவர்களை இந்தக் குளம் சுமக்காது!"

குட்டியைப் பாலுக்கு ஏங்கவிட்டு, காய்ந்து இறுகிய மண்ணை மான் பகல் முழுதும் குளம்பால் உடைத்தது. கிடைத்தவை இரண்டே புழுக்கள். நரி எட்டிப் பார்த்துச் சிரித்தது. "இது ஒரு பிடியா? போய்த் தோண்டு!"

மான் மேட்டுப்பக்கம் தோண்டப் போயிருந்தபோது சிறுத்தை வந்தது. குருவி பார்த்தது. கூச்சல் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டது. பன்றியின் காதில் சொன்னது. மயிலின் காதில் சொன்னது. இரண்டும் ஓசைப்படாமல் நழுவின. தண்ணீரில் வாய் வைத்திருந்த மான்குட்டி நிமிரவே இல்லை.

மறுநாள், சிறுத்தை போட்ட மிச்சத்தால் வயிறு உப்பிய நரியின் முன்னால் தாய் மான் வந்து நின்றது.

"ஒரு சத்தம்! ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தால் என் குட்டி இருந்திருக்குமே!"

"எனக்கும் வருத்தம்தான் அம்மா. ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். யாரிடமும் பாரபட்சம் காட்டவில்லையே!"

கேட்டீர்களா நியாயத்தை! தோண்ட மூக்கு உள்ளவனுக்கும் இல்லாதவளுக்கும் ஒரே சட்டமாம்!

பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நான் கொடுத்தேன், பிழைத்தேன். என் மேல் என்ன தப்பு?"

சில நாள் கழித்து, குருவி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உடும்பு வந்தது. மான் பார்த்தது. காலைத் தூக்கியது. பிறகு ஓசை வராமல் கீழே வைத்தது.

திரும்பி வந்த குருவி முட்டை ஓடுகளைத்தான் கண்டது.

"அக்கா, நீ இங்கேதானே நின்றாய்? உடும்பைப் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்."

"காலைத் தட்டியிருக்கலாமே!"

"தட்டியிருக்கலாம். அதற்கு என்ன விலை என்று நீ சொல்லவில்லையே."

சொன்ன மானுக்கே அந்த வார்த்தை இனிக்கவில்லை. தானா இப்படிப் பேசினோம் என்று அது தலையைக் குனிந்துகொண்டது. இரண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அழுதன.

நரி ஓடி வந்தது. "அழாதே தங்கச்சி! இனி மானும் விலை வைக்கட்டும்! நானே பேசி முடித்துத் தருகிறேன்!"

அப்போதுதான் குருவிக்கு எல்லாம் விளங்கியது. அது வானில் ஏறியது. இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கத்தியது. மான் கொம்பில்லாத தன் தலையைத் தாழ்த்தி நரியின் மேல் பாய்ந்தது. நரி குளத்தைச் சுற்றி ஓடி, காட்டைத் தாண்டியும் நிற்கவில்லை.

பன்றி பதறி வந்தது. "ஐயோ, அப்படியானால் நான் கொடுத்த புழுவெல்லாம்?"

"இனி உன் பிள்ளைகளுக்குக் கொடு," என்றது குருவி. "என் குரல் எல்லோருக்கும்."

அதன் பிறகு சிறுத்தைக்கு அந்தக் கரையில் இரை சிக்கவில்லை. ஆனால் மான்குட்டி தினமும் படுத்த இடத்தில், படுக்க யாரும் இல்லாமல் புல் நிமிர்ந்து வளர்ந்துவிட்டது.

எல்லோரும் உயிர் பிழைக்கத் தேவையான ஒன்றுக்கு விலை வைக்கச் சொல்கிறவன், இல்லாதவர்களின் பிள்ளைகளைத்தான் முதலில் விற்கிறான்.