ரெண்டு குண்டுக்கு நடுவுல

ஒரு ஊர்ல, ஒரு வீட்டு மாடியில, ஒரு கருப்புத் தண்ணித் தொட்டி இருந்துச்சு. அந்த வீட்டுக்காரி பேரு வேலம்மா. அவளுக்கு ஒரே மக, தமயந்தி. தலப்பிரசவம். வளைகாப்பு முடிஞ்சு வெள்ளிக்கிழம தாய் வீட்டுக்கு வரணும். ம் சொல்லு கண்ணு.

ம்.

தொட்டிக்குள்ள ஒரு கயிறு தொங்கும். அதுல மேல ஒரு குண்டு, கீழ ஒரு குண்டு. தண்ணி வத்திக் கீழ்க்குண்டும் அந்தரத்துல தொங்கினா, ரெண்டு பாரமும் சேர்ந்து சுவிச்ச இழுக்கும். டக். மோட்டார் கும்ம்ம்னு ஓடும். தண்ணி ஏறி மேல்குண்டும் முங்கினா, டக். நின்னுடும்.

வேலம்மா என்ன நெனச்சா? புள்ளத்தாச்சி வர்ற வீட்டுல தொட்டி பாதி காலியா கெடக்கலாமா, நெறகுடம் மாதிரி எப்பவும் தளும்ப வேணாமான்னு நெனச்சா. சாமியக் கும்பிட்டுட்டு மேல ஏறினா. கீழ்க்குண்ட இழுத்து மேல்குண்டோட ஒட்டினாப்புல முடிஞ்சுட்டு எறங்கிட்டா. யார்கிட்டயும் சொல்லல.

அப்புறம் ஒரு செம்பு தண்ணி மோந்தா, டக், கும்ம். கை கழுவுறதுக்குள்ள நெறஞ்சு, டக். இன்னொரு செம்பு. டக், கும்ம், டக். நாள் முழுக்க இதே பாட்டு. தொட்டி தளும்புது, அவ மனசும் குளுந்துச்சு.

திங்கக்கிழம சுவிச்சுப் பெட்டி கருகிப்போச்சு. வயர்மேன் சவரி வந்து வேற பெட்டி மாட்டினான். புதன்கிழம மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற கம்பி, காயிலே பொசுங்கி நாறுச்சு. புதுக் கம்பி சுத்துறதுக்குக் கழட்டிக் கொண்டுபோனான். அவனுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற மாட்டான். மாடியில என்ன நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்?

அப்போ சம்பந்தியம்மாவுக்குச் சேதி போயிடுச்சு. அந்தம்மா கோவக்காரி இல்ல, பயந்தவ. தண்ணியில்லாத வீட்டுக்கு நெறமாசக்காரிய அனுப்ப மாட்டேன், பிரசவம் இங்கயே ஆகட்டும்னு சொல்லிட்டா. வேலம்மா அழுது கெஞ்சி, வெள்ளிக்கிழம காலையில தண்ணி வந்துடும்னு வாக்குக் குடுத்தா.

வெள்ளிக்கிழம சவரி கம்பி சுத்தின மோட்டாரக் கொண்டாந்து மாட்டினான், தொட்டியும் நெறஞ்சுச்சு. இன்னொரு வாட்டி பொசுங்கினா சுத்த முடியாது, புதுசு வர பத்து நாளாகும்னு சொல்லிட்டுப் பையத் தூக்கினான். வேலம்மா சந்தோசத்துல வாசல் தெளிக்க ஒரு வாளி பிடிச்சா.

டக், கும்ம், டக்.

சவரி நின்னுட்டான். ஓடிப்போய்ப் பெட்டிய அணைச்சான்.

"யக்கா, மேல ஏறி அந்தக் கயித்தப் பாரு. ரெண்டு குண்டுக்கும் நடுவுல எத்தன முழம் இருக்கு?"

வேலம்மா ஏறவே இல்ல. முந்தானையத் திருகிக்கிட்டே, "முழமே இல்ல தம்பி. நான்தான் சேத்து முடிஞ்சேன்"னா.

அவன் திட்டுவான்னு பாத்தா, தலையில கைய வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். "ரெண்டு மோட்டார்க்காரன் பொழப்ப நீ ஒருத்தியே நடத்துறியேக்கா. உக்காந்து எந்திரி, உக்காந்து எந்திரின்னு உன்னைய நாள் பூரா வேல வாங்கினா நீ பொசுங்க மாட்டியா? அது கெளம்புறப்பதான் ரொம்ப முக்கும். நடுவுல எடம் விடு. அந்த எடத்துல தண்ணி நிக்கிறப்போ, ஓடிக்கிட்டிருந்தா ஓடும், சும்மா இருந்தா சும்மா இருக்கும்."

தூங்கிட்டியா?

ம்ம்.

அப்புறம் வேலம்மா ஏறி முடிச்ச அவுத்தா. கீழ்க்குண்டு ஒரு முழம் கீழ எறங்குச்சு. சவரி பெட்டியத் திரும்பப் போட்டுட்டுக் கெளம்பினான். மத்தியானம் கார் வந்துச்சு. சம்பந்தியம்மா எறங்கினதும் நேரா கொழாயடிக்குப் போய்த் தண்ணியப் பாத்துட்டுத்தான் தமயந்தி கையையே விட்டா.

தமயந்தி குளிச்சா. மோட்டார் பேசல. துணி நனச்சாங்க. பேசல. பாத்திரம் கழுவினாங்க, அப்பவும் பேசல. மறுபடியும் போச்சோ? முருகா முருகான்னு வேலம்மா மாடியையே பாத்துக்கிட்டு நிக்கிறா.

டக்.

கும்ம்ம்ம்ம்ம். விட்டு விட்டு இல்ல, ஒரே மூச்சா. வேலம்மா அப்படியே செவுத்துல சாஞ்சுட்டா. ரொம்ப நேரம் ஓடுச்சு. அப்புறம் தானா, டக்.

சம்பந்தியம்மா கெளம்பிப் போனா. தமயந்தி அம்மா மடியில தல வச்சா. ரெண்டு நாளாக் கண்ணு மூடாத வேலம்மா உக்காந்தபடியே தூங்கிட்டா.

கதையும் தூங்கப் போயிடுச்சு சாமி, நீயும் தூங்கு.