மேற்கே பார்த்த வளை

ஓர் ஏரிக்கரையில் செவ்வலகன் என்ற மீன்கொத்தியும் அவன் மனைவி நீலவேணியும் வாழ்ந்து வந்தார்கள்.

அந்த ஏரியின் மீன்கொத்திகள் எல்லாரும் மேற்குக் கரையில்தான் குடியிருந்தார்கள். செங்குத்தான மண்கரை, மேலே வரிசையாக நாவல் மரங்கள். மதியம் திரும்பியதும் கரை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். ஒரு பறவை மட்டும் நுழையும்படி சின்ன வாசல் வைத்து, ஒரு கை நீளத்துக்கு உள்ளே தோண்டி, கடைசியில் குஞ்சுகளுக்கு ஓர் அறை வைப்பார்கள். உள்ளே இருட்டுதான். மீன்முள் நாற்றமும் உண்டு. இருந்தாலும் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது வளைக்குச் சித்திரை மாதத்தில்தான் இடம் பார்ப்பார்கள். பட்டப்பகல் வெயிலில் கரையெல்லாம் உட்கார்ந்து பார்த்து, எங்கே உட்கார முடிகிறதோ அந்த இடத்தைக் குறித்து வைப்பார்கள். தோண்டுவது அடுத்த தை மாதத்தில். செவ்வலகனும் நீலவேணியும் அப்படித்தான் பெரிய நாவல் மரத்தடியில் ஓர் இடத்தைக் குறித்து வைத்திருந்தார்கள்.

ஐப்பசியில் வாலாட்டியார் வந்தார். வடக்கே பனிமலைகளைத் தாண்டியிருந்த ஊரிலிருந்து வருஷாவருஷம் குளிருக்குப் பயந்து வரும் சின்னப் பறவை அவர். உடம்பில் பாதி வால். அந்த வாலை ஆட்டிக்கொண்டே கரையில் நடந்து எதையாவது சொன்னால், அதை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாது. வெளியூர்க்காரர் பேச்சு என்றால் நமக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகக் காது நீளுமே.

மார்கழியில் ஒருநாள் அவர் மீன்கொத்திகளின் வளைகளை எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

“என்னண்ணே இது, வீடா பொந்தா? எங்க ஊர்ல வீடுன்னா வாசல் அகலமா இருக்கும். வெயில் நேரா உள்ள வந்து உட்காரும். இவ்வளவு பெரிய ஏரி இருக்கு, உள்ள இருந்து பார்த்தா ஒரு துளி தண்ணி தெரியல!”

செவ்வலகனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வாலாட்டியாரோ தினமும் வந்து கூடமாட யோசனை சொன்னார். கிழக்குக் கரையில் மேற்கே பார்த்துத் தோண்டினால் ஏரி முழுவதும் தெரியும் என்றார். உள்ளே நீளமாகப் போகவே வேண்டாம், அரைக் கை போதும், வாசல்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அந்தக் கரையில் ஒரு மரம்கூட இல்லையே என்று செவ்வலகன் இழுத்ததற்கு, மரம் இருந்தால் பார்வையை மறைக்கும், இல்லாததே நல்லது என்று சொல்லிவிட்டார்.

செவ்வலகன் வீட்டில் சொன்னான். நீலவேணி கேட்டாள்:

“போன சித்திரையில அந்தக் கரையிலயும் போய் உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கா? கால் பொசுங்குதுன்னு நீங்கதான் முதல்ல எழுந்து பறந்தீங்க.”

“அது ஏதோ அன்னிக்கு ஒருநாள்” என்றான் அவன்.

ஏரியின் மேல் அப்போது பனி மூட்டமாக நின்றிருந்தது. குளிருக்கு உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டுதான் அவன் பேசினான். மார்கழிக் குளிரில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சித்திரை எங்கே ஞாபகம் வரப்போகிறது?

தை பிறந்ததும் அவன் தனியாகவே கிழக்குக் கரையைத் தோண்டத் தொடங்கினான். பன்னிரண்டு நாள் தோண்டினான். அரைக் கை ஆழத்தில் பாறை தட்டியது. அதற்கு மேல் போகவா போகிறோம் என்று நிறுத்திக்கொண்டான். அலகு தேய்ந்து, மண் அப்பிய முகத்தோடு வந்து நின்றவனிடம் மேலும் வாதாட நீலவேணிக்கு மனம் வரவில்லை. அவன் பின்னால் பறந்து போய்ப் புது வீட்டில் உட்கார்ந்தாள். பிற்பகல் வெயில் இதமாக உள்ளே வந்தது. ஏரி தகதகவென்று தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

புதுமனை பார்க்க ஏரியே திரண்டு வந்தது. மடையான் கொக்கு தன் நீளக் கழுத்தை முழுசாக உள்ளே விட்டுப் பார்த்து வியந்து போனது. வாலாட்டியார் வாசலில் முன்னும் பின்னும் நடந்து எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். செவ்வலகன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பங்குனியில் நீலவேணி மூன்று முட்டைகள் இட்டாள். அந்த வாரமே, எங்கள் ஊரில் பனி உருகியிருக்கும் என்று சொல்லி வாலாட்டியார் விடைபெற்றுக்கொண்டு வடக்கே பறந்தார்.

சித்திரையில் குஞ்சுகள் பொரிந்தன. மூத்தது, நடுவில் ஒன்று, ஒரு கடைக்குட்டி. இன்னும் இறகு முளைக்காத வெறும் உடம்புகள்.

மதியம் திரும்பியதும் வெயில் உள்ளே வந்தது. தை மாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன வெயில் இல்லை இது. நேராகப் பின்சுவர் வரை போய் அங்கேயே தங்கியது. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

செவ்வலகன் ஏரியில் முங்கி, நனைந்த மார்போடு ஓடிவந்து அவற்றின் மேல் படுத்தான். ஈரம் உடனே காய்ந்தது. பின்னால் தோண்டப் பார்த்தான். பாறை அசையவில்லை. பக்கத்தில் கொத்தினான். வறண்ட மண் சரிந்து குஞ்சுகளின் மேலேயே விழுந்தது. அவற்றைத் தூக்கிக்கொண்டு போக மீன்கொத்திக்குக் கையா இருக்கிறது?

கடைசியில் அவன் வாசலில் நின்று இரண்டு இறக்கைகளையும் விரித்தான். நீலவேணி ஒருத்தியாக வற்றிப்போன ஏரியில் நாலு வாய்க்கும் மீன் தேடினாள். பழைய வளையாக இருந்தால் ஒரு பறவையின் உடம்பே வாசலை மூடியிருக்கும். இங்கே இறக்கைகளை எவ்வளவு விரித்தாலும் வாசல் அடைபடவில்லை. அவன் நிழல் ஒரு குஞ்சின் மேல்தான் விழுந்தது. எந்தக் குஞ்சின் மேல் விழ வேண்டும் என்று அவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எந்தத் தகப்பனுக்கும் அந்த நிலை வரக் கூடாது.

முதல் நாள் மூத்தது போயிற்று. மறுநாள் நடுக்குஞ்சு. அதன் பிறகு அவன் நிழல் முழுவதும் கடைக்குட்டிக்கே கிடைத்தது. அது ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் நீலவேணி கொண்டுவந்த மீனை வாங்க வாய் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் கோடை மழை பெய்தது.

நீலவேணி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மழை விட்டதும் அவள் மேற்குக் கரைக்குப் பறந்து, அவர்கள் குறித்து வைத்திருந்த பெரிய நாவல் மரத்தில் போய் உட்கார்ந்தாள். கீழே மற்ற வளைகளில் முன்னதாகவே பொரிந்திருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசியில் வாலாட்டியார் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாகக் கிழக்குக் கரைக்குத்தான் போனார். செவ்வலகன் வெறும் வளையின் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, வீடு எப்படி இருக்கு? பிள்ளைங்கள எங்க காணோம்?”

“பிள்ளைங்க இல்லைங்க. சித்திரை வெயில் தாங்கல.”

ஆடிக்கொண்டிருந்த வால் நின்றது. வாலாட்டியார் கெட்டவர் இல்லை. அவர் கண் கலங்கியது.

“நான் ஒரு சித்திரைகூட இங்க இருந்ததில்லையேண்ணே. அப்ப இந்த ஊர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே.”

செவ்வலகன் வளைக்குள் திரும்பிப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியாது” என்றான். “எனக்குத் தெரியும்.”

அவன் எழுந்து நீலவேணி இருந்த கரையை நோக்கிப் பறந்தான்.

யோசனை சொன்னவர் தம் ஊருக்குப் போய்விடுவார், வீட்டுக்குள் வாழப்போவது நாம்தான் என்பதை மறக்காமல், நம் ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடியே நாம் வீடு கட்டிக்கொள்ள வேண்டும்.