நாலு பக்கக் கடிதம்

பொறாமை வந்தால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள், சட்டிபானையை உருட்டுவார்கள், நாலு பேரிடம் புறம் பேசுவார்கள். கட்சிக்காரனுக்கு வந்தால் கடிதம் எழுதுவான். அதுவும் முறைப்படி, மேல் கமிட்டிக்கு.

ஏசுவடியான் நாலு பக்கம் எழுதியிருந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்து ஊர் ஒன்றில் பதினாலு வருசமாக அவர்தான் கட்சியின் கிளைச் செயலாளர். கடிதம் செல்லக்கனி மேல். அவள் உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். கட்சிக்கு வந்து ஒன்றரை வருசம்தான் ஆகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கிளை மாநாடு. புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீக்கடையிலும் செல்லக்கனி பேச்சு, உப்பளத்திலும் செல்லக்கனி பேச்சு. "கனியக்கா செயலாளரா வந்தா நல்லாருக்கும்லா" என்று ஏசுவடியான் காதுபடவே சொன்னார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒரு கொக்கி இருந்தது. கட்சியில் சேர்ந்த முதல் வருசம் பரிட்சைக் காலம். கூட்டத்தில் பேசலாம். ஓட்டுக்குக் கை தூக்க முடியாது, பொறுப்புக்கும் வர முடியாது. வருசம் முடிந்ததும் கிளை கூடி முடிவெடுத்து, செயலாளர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினால்தான் முழு உறுப்பினர். செல்லக்கனி விசயத்தில் கிளை எப்போதோ முடிவெடுத்துவிட்டது. செயலாளர் கையெழுத்துதான் நாலு மாதமாக விழவில்லை. தாள் ஏசுவடியானின் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது. யாராவது கேட்டால், "மேல போயிருக்கு, வரும்" என்பார்.

மாநாட்டுக்கு முன்னால் அது மேல் கமிட்டிக்காரர் கைக்குப் போகாவிட்டால் செல்லக்கனி பேரையே யாரும் எடுக்க முடியாது. அப்புறம் பழைய செயலாளரே புதுச் செயலாளர். கையெழுத்துப் போடாததற்கு நியாயமாகத்தான் அந்த நாலு பக்கம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாளையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அமலோர்பவத்தைத் தேடிக் கட்சி ஆபீசுக்குப் போனார்.

அமலோர்பவம்தான் மாநாட்டுக்கு வரப்போகிற மேல் கமிட்டிக்காரர். வயதில் ஏசுவடியானைவிட இரண்டு வருசம் இளையவர். ஆனாலும் இவருக்குக் கட்சித் திட்டத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவரும், மைக் முன்னால் கால் நடுங்காமல் நிற்கப் பழக்கியவரும் அந்த அம்மாதான். இன்றைக்கும் அவர் உட்காரச் சொன்னால்தான் ஏசுவடியான் உட்காருவார்.

ஆபீசின் பின்பக்கம் அமலோர்பவம் ஸ்டவ்வில் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். மறுநாள் போஸ்டர் ஒட்ட வேண்டும்.

"வாங்க தோழர். மாநாட்டு நாள்ல செயலாளருக்கு இங்க என்ன வேலை?"

"ஒரு சந்தேகம் தோழர். தனிநபர்வாதம் உள்ள ஒருத்தரை முழு உறுப்பினராக்கலாமா?"

"யாரு?"

"பேரு அப்புறம். பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவாக் கேக்கவரு கையில நாலு பக்கத்தை வச்சிருக்க மாட்டாரு. உக்காந்து வாசிங்க. எனக்குக் கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு."

ஏசுவடியான் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'ஒன்று. தோழர் செல்லக்கனி பேசும்போது மட்டும் மக்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். இது தனிநபர் வழிபாட்டில் கொண்டுபோய் விடும்.'"

"தட்டினது யாரு?"

"சனங்கதான்."

"அப்ப கடுதாசியை அவங்க மேலல்லா எழுதணும்?" பசை கட்டிவிடாமல் கிண்டிக்கொண்டே அமலோர்பவம் கேட்டார். "சரி, வாசிங்க."

"'இரண்டு. கிளையில் கலந்து பேசாமல் ஐம்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் முதலாளி வாசலில் உட்கார்ந்தார்.'"

"எதுக்கு உக்காந்தா?"

"பாத்தியில வேலை செஞ்ச பொம்பளை ஒருத்தி வெயில்ல மயங்கி விழுந்துட்டா. குடிக்கத் தண்ணி இல்லைன்னு..."

"தண்ணி வந்துச்சா?"

"தொட்டி வச்சுட்டாங்க."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"திருநெல்வேலியில. அமைப்பைப் பலப்படுத்துறது எப்படின்னு ஒரு கருத்தரங்கம்."

அமலோர்பவம் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூட ஏசுவடியானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆனாலும் கிளையைக் கேக்காம செஞ்சது தப்புதான்."

ஏசுவடியானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தான் தோழர் நானும் சொல்லுதேன்."

"கிளைக் கூட்டத்துல அதைப் பேசினீங்களா?"

"பேசினோம்."

"ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கிட்டா. 'அடுத்த தடவை ஒரு போனாவது போட்டுட்டு உக்காருதேன் தோழர்'னா. அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதுக்கும் எல்லாரும் கை தட்டிட்டாங்க."

"மூணாவது?" என்றார் அமலோர்பவம்.

ஏசுவடியான் கடிதத்தைப் பார்த்தார். வாசிக்காமல் மடியில் வைத்துவிட்டார்.

"மூணாவதும் இதே மாதிரிதான். எனக்குப் பொறுக்கல தோழர். ரெண்டே பேர் வந்தாலும் கூட்டம் நடத்தியிருக்கேன். கொட்டுற மழையில கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியிருக்கேன். பதினாலு வருசத்துல ஒருத்தனாவது எனக்காக எந்திரிச்சு நின்னிருப்பானா? நான் பேச ஆரம்பிச்சா பீடி பத்த வைக்க வெளிய போறாங்க. அவ மைக்கைத் தொட்டா வெளிய நிக்கவன்லாம் உள்ள வாரான்."

அமலோர்பவம் ஸ்டவ்வை அணைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இதை முத வரியிலயே எழுதியிருக்கலாம். மூணே முக்கால் பக்கம் மிச்சம்."

ஏசுவடியான் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதே மாதிரி ஒரு தோழர் கடுதாசி எழுதினாங்க. அஞ்சு பக்கம்" என்று ஆரம்பித்தார் அமலோர்பவம்.

"யார் மேல?"

"கட்சிக்கு வந்து ரெண்டு வருசம் ஆன ஒருத்தர் மேல. எழுதினவங்க அந்த ஊர்ல பத்து வருசமாக் கட்சியை வளத்தவங்க. வந்தவருக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். கடைசியில செயலாளர் யாருன்னு பேச்சு வந்தா, அத்தனை பேரும் வந்தவரைக் கையைக் காட்டுதாங்க."

"கடுதாசியில என்ன எழுதினாங்க?"

"நீங்க எழுதினதுதான். கூடவே 'குட்டி முதலாளித்துவ மனோபாவம்'னு ஒண்ணு சேத்திருந்தாங்க."

"நானும் சேத்திருக்கேன்" என்றார் ஏசுவடியான் மெதுவாக. "மூணாவது பக்கத்துல."

"சேக்காம இருப்பீங்களா?"

"யாரு தோழர் அது?"

"நான்தான்."

யார் மேல் எழுதினார் என்று ஏசுவடியான் கேட்கவில்லை. உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துவிட்டார்.

"என் பேரை முன்மொழிஞ்சதே நீங்கதானே தோழர்? போற எடமெல்லாம் அதைச் சொல்லித்தானே பெருமை அடிச்சுக்கிட்டுத் திரியுதேன்."

"முன்மொழிஞ்சேன். கடுதாசி இடுப்புலதான் சொருகியிருந்துச்சு. எடுத்து வாசிச்சுடணும்னுதான் எந்திரிச்சேன். பாத்தா, எல்லாரும் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காங்க. எந்திரிச்சு நிக்கிறவ மூஞ்சியை ஒருத்தர்கூடப் பாக்கல. உங்க பேரைச் சொல்லிட்டு உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போயி அழுதேன். மறுநா காலையில வந்து உங்களுக்கு அறிக்கை எழுதப் பழக்கினேன்."

ஏசுவடியானுக்கு அந்தக் காலை நினைவிருந்தது. அந்த அம்மாவின் கண் வீங்கியிருந்ததையும் பார்த்திருந்தார். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, வெந்நீர் குடிக்கச் சொன்னார். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

சட்டைப் பையிலிருந்து செல்லக்கனியின் தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. போஸ்டர் கட்டின் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி விரித்தார். அமலோர்பவம் பேனாவை நீட்டினார்.

வாங்கிய பேனா தாளில் இறங்கவில்லை. மனசுக்குள் எரிச்சல் அப்படியே இருந்தது, ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் தோழர். உங்களுக்கு அது எப்பத் தணிஞ்சுது?"

"தணிஞ்சா சொல்லி அனுப்புதேன்" என்றார் அமலோர்பவம். "நீங்க கையெழுத்தைப் போடுங்க."