எப்போதும் ‘சரி’ சொன்ன ஃபங்ஷன்

நாகர்கோவிலில் நப்பின்னை என்றொரு ஆசிரியை இருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் புரோகிராம் எழுதக் கற்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. இருபது வருஷம் மருந்துக்கடையில் நின்ற மனுஷன், லேசில் யாரையும் நம்பிவிட மாட்டார்.

நப்பின்னை எழுதிய லைப்ரரியை, அதாவது மற்ற புரோகிராம்களும் எடுத்துக்கொள்ளும் தொகுப்பை, நாற்பது சின்ன ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தின. அதில் ஒரு ஃபங்ஷன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் சின்னத் துண்டு, குழந்தையின் எடைக்கு மருந்தளவு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லும். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். தணிகாசலம் சும்மா இருப்பாரா? மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு பாட்டில் மருந்து முழுசாகக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

‘சரி’ என்றது.

உள்ளே திறந்தார். ஒரே வரி. எதைக் கேட்டாலும் ‘சரி’ சொல்லும்படி எழுதியிருந்தது. எழுதியவர் நப்பின்னை, ஏழு வருஷத்துக்கு முன்பு. தணிகாசலம் நேரே அவளிடம் போனார்.

“டீச்சர், இதை இப்பவே அழிச்சிடுங்க.”

அவள் முகம் வெளுத்தது. “அப்புறம் ஒழுங்கா எழுதிக்கலாம்னு போட்டு வச்சேன். மறந்தே போயிட்டேன்.”

“அதான் சொல்றேன், அழிச்சிடுங்க.”

“வேண்டாம் அண்ணே. நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கிறாளாம்! இந்தப் பேச்சைக் கடையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார் அவர்.

மறுநாள் லைப்ரரியின் பட்டியலைப் பார்த்தார். அந்த ஃபங்ஷனின் பெயர் அப்படியே இருந்தது. நப்பின்னையின் போன் ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். தணிகாசலம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கதவோரம் போய் நின்றார்.

“பழைய மருந்துச் சீட்டையெல்லாம் எடுத்துத் தனியா வைங்க” என்றது மட்டும் காதில் விழுந்தது.

அடப்பாவமே, தடயத்தை மறைக்கிறார்களா?

மூன்றாம் நாளும் பட்டியலில் பெயர் இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

“உங்க பேரு கெடக்கூடாதுன்னு ஊரான் பிள்ளைங்க உயிரோட விளையாடறீங்களே, நியாயமா இது?”

நப்பின்னையின் கண்கள் சிவந்திருந்தன. “பட்டியலை மட்டும்தான் பார்த்தீங்களா? உள்ளே திறந்து பார்க்கலையா?”

திறந்தார். ‘சரி’ என்ற வரி அங்கே இல்லை. இப்போது அந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டாலும் திரையில் இப்படி வரும்:

‘எனக்குத் தெரியாது. ஏழு வருஷமாக நான் சொன்ன எந்தச் “சரி”யும் பார்த்துச் சொன்னது இல்லை. என்னை நம்பி மருந்து கொடுத்திருந்தால் உடனே கூப்பிடுங்கள்.’

கீழே அவள் பெயர், அவள் போன் நம்பர். மாற்றிய நேரம், முதல் நாள் அவர் வந்து சொன்ன பத்தாவது நிமிஷம்.

தணிகாசலத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் விட்டபாடில்லை.

“இவ்வளவு அவமானம் எதுக்கு டீச்சர்? அழிச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே.”

போன் மறுபடி அடித்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

“அழிச்சிருந்தா அவங்க கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் நிக்கும். அவங்க பக்கத்துல இதைக் கூப்பிடற ஒரு வரியைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பார்ப்பாங்க. இதுவரைக்கும் ‘சரி’ன்னு சொல்லி அனுப்பின குழந்தைங்களை அப்புறம் யார் அண்ணே தேடறது?”