காவி வைத்த கால்

கேட்கிறவர்கள் சும்மா தலையாட்டிக்கொண்டு கேட்க வேண்டாம். இந்தக் கதை நடுவில் நின்றுவிடும். அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கழுகுமேட்டுக் கோட்டைக்கு மல்லப்பர் என்று ஒரு தலைவர் இருந்தார். ஆள் குள்ளம், கோபம் மட்டும் நல்ல உயரம். கோபுரத்துச் சாளரத்தைக் கட்டியவரோ அவருக்கு முன்னிருந்த தலைவர். பனைமரமாய் வளர்ந்த மனிதர். விடிந்ததும் எதிரி வரும் பாதையைப் பார்க்க வேண்டுமே என்று மல்லப்பர் எக்கி எக்கிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் தச்சன் உலகப்பனைக் கூப்பிட்டு, ஏறி நிற்க ஒரு மணை செய்யச் சொன்னார். சொன்ன கையோடு ஓர் உத்தரவும் போட்டார். அந்த மணையைப் பற்றிக் கோட்டைக்குள் எவனாவது வாயைத் திறந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும்.

உலகப்பன் முதலில் கால்களை அகலப் பரப்பி ஒரு முக்காலி செய்து கொண்டுபோனான். தரை எப்படி இருந்தாலும் மூன்று கால் ஆடாது என்பது அவனுக்குத் தெரியும். மல்லப்பர் அதை ஓர் உதை விட்டார். "பால் கறக்குறவன் குந்துறதுல நான் ஏறணுமாடா? நாலு காலு வச்சுக் கொண்டா!" என்றார். முக்காலி மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வேங்கைப் பலகையைச் சதுரமாக அறுத்தான். இழைப்புளியால் வழுவழுவென்று இழைத்தான். நாலு மூலையிலும் உளியால் துளை போட்டு, கால்களைப் பொருத்தி, ஆப்பு அடித்து இறுக்கினான். பட்டறையில் மணை கல்லாக நின்றது. கோபுரத்தில் வைத்ததும் டொக் டொக்கென்று ஆடியது. அங்கே தரை பாறையில் செதுக்கியது, ஒரே மேடும் பள்ளமும். உலகப்பன் சாளரத்துக்கு நேர் கீழே மணையை வைத்து, அந்த இடத்துக்குத் தக்கபடி நீண்ட கால்களை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவினான். ஆட்டம் நின்றது. ஆனால் மணையைத் திருப்பி வைத்தால் முன்னைவிட மோசமாக ஆடும்.

நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற மணைக்கு எது முன்பக்கம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு காலில் சின்னதாக வெட்டி அடையாளம் வைக்கலாம். உளி கையில்தான் இருந்தது. இழைத்த மரத்தில் வெட்டுக் காயத்தைக் கண்டால் எசமான் என்ன செய்வாரோ என்று அவனுக்குக் கை வரவில்லை. உளியைப் பையில் போட்டுவிட்டு, காவிக் கட்டியை எடுத்து ஒரு காலில் பொட்டு வைத்தான்.

பிறகு கோபுரத்துக் காவல்காரன் வீரணனின் காதோரம் போய்க் கிசுகிசுத்தான். "அண்ணே, காவி வச்ச காலு சுவத்துப் பக்கம் இடது மூலையில இருக்கணும். கழுவ வர்ற வெள்ளச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

வீரணன் சுற்றுமுற்றும் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான். சாயங்காலம் வெள்ளச்சி வந்தபோது வார்த்தை தொண்டை வரை வந்தது, உத்தரவு ஞாபகத்துக்கு வந்ததும் விழுங்கிவிட்டான்.

வெள்ளச்சி மணைக்காலில் காவியைக் கண்டாள். கோபுரத்தில் கறை தெரிந்தால் கழுவுகிறவளுக்குச் சவுக்கடி. அதுவும் மல்லப்பர் போட்ட உத்தரவுதான். அவள் அலறியடித்துக்கொண்டு தேங்காய் நாரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். தரையையும் கழுவிவிட்டு, மணையைக் கைக்கு வந்தபடி வைத்துவிட்டுப் போனாள்.

விடிந்தது. மல்லப்பர் ஏறினார், எட்டிப் பார்த்தார், மணை சரிந்தது. கை ஒடிந்துபோயிற்று.

மதியம் மூவரையும் கூடத்தில் நிறுத்தினார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். காவி வைத்தேன் என்றான் ஒருவன், சொல்லாமல் விட்டேன் என்றான் இன்னொருவன், அழித்தேன் என்றாள் அவள். ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"விழுந்தது நான். விழ வச்சது யாரு?" என்றார் மல்லப்பர். "தச்சா, பேரை நீயே சொல்லு. சொன்னா அந்த ஆளோட கட்டைவிரல் மட்டும் போகும். சொல்லலேன்னா மூணு பேரோடதும் போகும்."

உலகப்பன் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மறைத்துக்கொண்டான். அந்த விரல் போனால் உளி பிடிப்பது எப்படி, வீட்டில் உலை வைப்பது எப்படி? வெள்ளச்சியைச் சொல்லிவிடலாம், அழித்தவள் அவள்தானே. அவளோ பக்கத்தில் நின்று நடுங்கினாள். அவள் வளையல் சத்தம் அவனுக்குக் கேட்டது. வீரணனைச் சொன்னால் அவன் ஈட்டி பிடிக்க முடியாது. தன் பேரைச் சொல்லவோ வாய் வரவில்லை. செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

"வாய் அடைச்சுப் போச்சா? சொல்லுடா!"

இங்கேதான் நிறுத்துகிறேன். இனி உங்கள் பாடு. மல்லப்பர் விழுந்ததற்கு யார் காரணம்? உலகப்பன் யார் பேரைச் சொன்னால் சரி?

விடை இதுதான். உலகப்பன் யார் பேரையும் சொல்லவில்லை. "எசமான், அந்த மணையைப் பத்திப் பேச எங்களுக்கு உத்தரவு உண்டுங்களா?" என்று மட்டும் கேட்டான். அதட்ட வாயெடுத்த மல்லப்பர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வெட்டாமல் காவி வைக்கச் செய்தது பயம். சொல்லவிடாமல் தடுத்ததும், தேய்த்து அழிக்கச் சொன்னதும் அதே பயம்தான். அந்தப் பயத்தை மூவருக்கும் ஊட்டியவர் கட்டுப் போட்ட கையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய மனசு அவருக்கு ஏது? "போங்க" என்றார், அவ்வளவுதான். மறுநாள் விடியலில் சாளரத்தடியில் மாட்டுக்கொட்டகை முக்காலி இருந்தது. மல்லப்பர் அதில் கால் வைத்தார். "எசமான், பாத்து ஏறுங்க" என்று வீரணன் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி விழவில்லை.